மறந்தவரிடம் பேசும் வாய்மை

மனிதனைக் குறிக்க அரபு மொழியில் வழங்கும் 'இன்ஸான்' என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி இலக்கண ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக ஒரு கருத்து வேறுபாடு உண்டு. கூஃபா நகரத்தார் அதனை 'நிஸ்யான்' என்னும் மறதியிலிருந்து பிறந்ததென்பர். பஸ்ரா நகரத்தார் அதனை மறுத்து, 'உன்ஸ்' என்னும் தோழமையிலிருந்தே அது பிறந்ததென்பர். மறப்பவன் மனிதன் என்பது ஒரு கட்சி; பிறரோடு பழகி இன்புறுபவன் மனிதன் என்பது மறு கட்சி. பாடசாலையில் நடத்தும்போது இது வெறும் சொல்லாராய்ச்சியாகவே தோன்றும். மறதி ஒரு நோயாகி வீட்டினுள் நுழையும்போதோ, இவ்விரு கட்சிகளில் எதன் பக்கம் நாம் நிற்கிறோம் என்று ஒவ்வொரு நாளும் விடை சொல்ல வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

எண்பது வயதைக் கடந்த ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். கணவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மஃரிபுக்கு பாங்கு ஒலித்ததும் அவர் வாசலை நோக்கி அமர்ந்து, "உங்க வாப்பா இன்னும் கடையிலேருந்து வரலையா?" என்று மகளைக் கேட்கிறார். "வாப்பா மவுத்தாகிப் பன்னெண்டு வருஷமாச்சே உம்மா" என்கிறாள் மகள். அச்செய்தியை அந்தத் தாய் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார், கதறி அழுகிறார். மறுநாள் அதே நேரம், அதே வினா, அதே அழுகை. மூன்றாம் நாள் மகளால் தாங்க முடியவில்லை. "இதோ வந்துடுவாங்க உம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிடுகிறாள். தாய் அமைதியாக உண்டு உறங்குகிறார். மகளுக்குத்தான் உறக்கம் இல்லை. பெற்ற தாயிடமே பொய் சொல்லிவிட்டோமே, இதற்கு மறுமையில் என்ன விடை சொல்வோம் என்று அவள் உள்ளம் கேட்கிறது.

இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் இது ஒரு வீட்டின் வினா அன்று. 'டிமென்ஷியா' என மருத்துவர்கள் வழங்கும் இம்மறதி நோய், முதுமையில் எவர்க்கும் இயல்பாக வரும் ஞாபகக் குறைவினின்றும் வேறானது. மூளையின் நரம்பணுக்கள் சிதைவதால் நினைவும், காலமும் இடமும் அறியும் திறனும், சொற்களும், ஈற்றில் அன்றாடச் செயல்களுமே ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போகும். இவ்வகை நோய்களில் மிகுதியாகக் காணப்படுவதை 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதலில் எடுத்துரைத்தார். 1910இல் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயோடு வாழ்கின்றனர் என 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பிக் குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் இதனை ஒத்த மறதி தோன்றுவதுண்டு. அவை மருந்தால் தணியக்கூடியவை. ஆதலின், "வயசானா அப்படித்தான்" என்று வீட்டிலேயே வைத்திருப்பதோ, காற்றுக் கருப்பு என்று தாயத்துக்கு அலைவதோ முறையன்று. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி வினாவுக்கு வருவோம்.

உண்மையே பேச வேண்டும் என்னும் கட்சியின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் விலக்கப்பட்டது என்பதில் நம் மார்க்கத்தில் ஐயமில்லை. ஒரு தாய் தன் சிறுவனை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தபோது, என்ன தர எண்ணினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் தர எண்ணியதாக அவர் கூறினார். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் அது அவர்மீது ஒரு பொய்யாகவே எழுதப்பட்டிருக்கும் என நாயகம் அவர்கள் உணர்த்தியதாக அபூதாவூது நூலில் காண்கிறோம். விவரம் அறியாச் சிறுவனையே ஏய்க்கலாகாது எனில், நம்மைப் பெற்று வளர்த்தவர் விவரம் இழந்து நிற்கும்போது அவரை ஏய்ப்பது எவ்வாறு தகும்? பிறநாட்டு அறிஞரும் இதனை உணர்ந்துள்ளனர். டாம் கிட்வுட் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1997இல் வெளியிட்ட நூலில், மறதி நோயாளரை மனிதராக மதியாது நடத்தும் முறைகளைப் பட்டியலிட்டபோது, அப்பட்டியலின் தலையில் வஞ்சகத்தையே வைத்தார். சொன்னபடி கேட்க வைப்பதற்காக ஏமாற்றுவதையே அவர் அச்சொல்லால் குறித்தார்.

ஆயினும், அம்மகள் முதலிரு நாள்களில் சொன்ன உண்மை என்ன செய்தது என்பதையும் காண வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. அல்சைமர் நோய் கண்ட 17 பேருக்குத் துயரமூட்டும் படக்காட்சிகளையும், பின்னர் மகிழ்வூட்டும் காட்சிகளையும் காட்டினர். சில நிமிடங்களில் அவர்கள் கண்டவற்றுள் பெரும்பகுதியை மறந்துவிட்டனர். ஆனால் அக்காட்சிகள் எழுப்பிய துயரமும் மகிழ்வும் அவர்களை விட்டு நீங்கவில்லை. அவருள் எவர் மிகுதியாக மறந்தனரோ அவரிடமே துயரம் நெடுநேரம் தங்கிற்று. காரணம் தெரிந்த துயரத்துக்கு ஆறுதல் சொல்லலாம். காரணம் மறந்த துயரத்துக்கு எதைச் சொல்லி ஆற்றுவது? கணவரின் மரணச் செய்தியை மாலைதோறும் கேட்கும் தாய், செய்தியை மறந்துவிடுகிறார்; அழுகையை மறப்பதில்லை. இத்தா இருந்து, அழுது, பொறுத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கடந்து வந்த துக்கத்தை நாள்தோறும் புதிதாக அவர்மேல் ஏற்றுவது உண்மையின் நோக்கம் ஆகுமா?

இத்தகைய இடங்களுக்கு நம் இமாம்கள் வழிவகுத்துச் சென்றிருக்கின்றனர். பிணங்கியவரை இணக்குவதற்காகச் சொல்லப்படும் சொல்லுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இடம் தந்த செய்தி உம்மு குல்தூம் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் நாவின் கேடுகளை விரித்துரைக்குமிடத்து, பேச்சு என்பது ஒரு நோக்கத்தை அடையும் கருவி என்று தொடங்குகிறார்கள். ஒரு நல்ல நோக்கத்தை உண்மையாலும் அடையலாம், பொய்யாலும் அடையலாம் எனில் பொய் விலக்கப்பட்டதே. உண்மையால் அடையவே இயலாது எனில், அந்நோக்கம் ஆகுமானதாயின் அச்சொல்லும் ஆகும். கொடியவன் கையினின்று ஓர் உயிரைக் காப்பது போலக் கடமையானதாயின் அச்சொல்லும் கடமையாகும். இவ்வளவு சொல்லிய பின்னும், இயன்றவரை அதனைத் தவிர்க்குமாறும், தேவை நேர்ந்தால் 'தவ்ரியா' எனப்படும் இருபொருள் படும் மெய்ச்சொல்லை நாடுமாறும் எச்சரிக்கிறார்கள். தம்மைத் தேடி வந்தவரைச் சந்திக்க விரும்பாதபோது இப்ராஹீம் நகயீ (ரஹ்) அவர்கள், 'வீட்டில் இல்லை' என்று சொல்லாமல், 'பள்ளிவாசலில் தேடிப் பாருங்கள்' என்று சொல்லும்படிப் பணிப்பெண்ணுக்குக் கற்றுத்தந்த செய்தியும் அங்கேயே வருகிறது. நம் வள்ளுவரும் வாய்மையை வரையறுக்கும்போது தீமை பயவாத சொல் என்றே தொடங்கி, குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் அதன் இடத்தைப் பெறும் என்கிறார். இரு மரபுகளும் சொல்லை மட்டும் நிறுக்கவில்லை. சொல் யாரிடம் சென்று என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தே நிறுக்கின்றன.

அப்படியாயின், முதல் தேடல் மெய்ச்சொல்லுக்கானதாகவே இருக்க வேண்டும். அதைத் தேடுவதற்கு, அந்தத் தாய் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பதை அறிய வேண்டும்.

யஅகூப் (அலை) அவர்களின் வரலாறு இதற்கொரு பாடம். நெடுங்காலம் பிரிந்திருந்த மகன் யூசுஃபின் வாடையை உணர்வதாக அம்முதியவர் கூறினார். கூறும்போதே, 'முதுமையால் பிதற்றுகிறேன் என்று நீங்கள் எண்ணாவிட்டால்' என்னும் கருத்துப்பட ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அங்கே திருமறை ஆளும் வினைச்சொல் 'ஃபனத்' என்னும் வேரினின்று வருவது. முதுமையில் அறிவு தளர்வதையே அவ்வேர் குறிக்கும். சுற்றியிருந்தோர் அவர் அஞ்சியபடியே, பழைய தடுமாற்றம் இன்னும் தீரவில்லை என்றனர். ஆனால் நற்செய்தி கொண்டுவந்தவர் வந்து சேர்ந்தபோது, கிழவர் சொன்னதே மெய்யாயிற்று. அவர் நபி, அவருக்கு இறைவன் அறிவித்தது நமக்கு இல்லை. மறதி நோயும் அவருக்கு இல்லை. எனினும் சுற்றியிருந்தோரின் அவசரம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. முதியவர் பேச்சைப் பிதற்றல் என்று தள்ளுமுன், அதில் மெய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே நமக்குரிய கடமை.

தம் சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று எழும் முதியவர் கேட்பது பெரும்பாலும் முகவரியை அன்று; தமக்கு அச்சமில்லாத ஓரிடத்தை. சில வேளை அது பசியாக இருக்கும். சில வேளை சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தும் அதைச் சொல்லத் தெரியாத தவிப்பாக இருக்கும். 'கணவர் வரவில்லையா' என்னும் தாயின் வினாவில் இருப்பது, அந்தி சாயும் நேரத்தில் தமக்கு உரியவர் ஒருவர் அருகில் இல்லையே என்னும் ஏக்கம். அதற்குப் பொய்யில்லாத மறுமொழி உண்டு. "வாப்பா ஞாபகம் வந்துடுச்சா உம்மா? வாப்பாவுக்கு நீங்க வைக்கிற மீன் ஆணம்னா உசுராச்சே" என்று அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தாய் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பேச்சிலேயே அவர் வந்துவிடுவார். சிறுவயதில் ஓதி மனனம் செய்த சூராக்கள் பலரிடம் நெடுநாள் தங்கியிருக்கும். பக்கத்தில் ஒருவர் மெல்ல ஓதினால் அவர்களும் சேர்ந்துகொள்வதுண்டு. இதற்கு மனமும் நேரமும் வேண்டும். பொய் விரைவில் முடிந்துவிடும் என்பதே அதன் கவர்ச்சி.

இவை யாவும் பயன்படாமல், இரவில் கதவைத் தட்டித் தவிக்கும் தாயை அமைதிப்படுத்த அம்மகள் "வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டால்? இமாம் கஸ்ஸாலியின் அளவுகோலின்படி அவள் குற்றவாளி அல்லள் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் அது வழக்கமாகிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் முன்னே, பேருந்தே வராத ஒரு பேருந்து நிறுத்தத்தை அமைத்திருந்த செய்தி 2008இல் நாளேடுகளில் வந்தது. வீட்டுக்குப் போக வேண்டுமெனத் துடித்த முதியோர் அதன் பலகையில் வந்து அமர்வர்; துடிப்பு அடங்கியதும் பணியாளர் காப்பி அருந்த உள்ளே அழைத்துச் செல்வர். பூட்டிய கதவை விட இது இரக்கமுடையதே. ஆனால் அப்பலகையில் முதியவரோடு ஒருவர் அமர்ந்திருக்கிறாரா, அல்லது அமர வேண்டிய வேலையை மிச்சப்படுத்தவே அப்பலகை வைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். வடிவம் ஒன்றே, முன்னதில் அது ஆறுதல், பின்னதில் வஞ்சகம்.

இங்கேதான் எல்லைக்கோடு தெரிகிறது. நம் சொல் அவருடைய அமைதிக்கானதா, நம்முடைய ஆதாயத்துக்கானதா? இதனைக் கூசாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. "ஆஸ்பத்திரிக் காகிதம், கை நாட்டு வைங்க" என்று சொல்லி, மறதி முற்றிய தந்தையிடம் வீட்டைத் தம் பெயருக்கு எழுதி வாங்கும் மக்கள் இருக்கின்றனர். வாய்மையைப் பற்றிய ஐயம் எதுவும் இவ்விடத்தில் இல்லை. இது அப்பட்டமான வஞ்சகம். அறிவு தளர்ந்தவரை 'மஅதூஹ்' என வழங்கும் ஹனஃபி சட்ட நூல்கள், விவரம் அறியத் தொடங்கிய சிறுவனின் நிலையில் அவரை வைக்கின்றன. பிறர் தரும் கொடையை அவர் ஏற்றால் செல்லும். தம் உடைமையை ஹிபாவாக ஈந்தால், காப்பாளரே இசைந்தாலும் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஒப்பந்தம் செய்யும் வேளையில் தெளிந்த அறிவு வேண்டும் என்றே விதிக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்துவிட்டாலும் மறுமையின் ஏட்டில் அது செல்லாத பத்திரமே.

உண்மைக்கு ஒரு காலம் உண்டு என்பதையும் நம் குடும்பங்கள் எண்ணவேண்டும். நோய் தொடங்கிய நாளில், பேசவும் எண்ணவும் முடிவு செய்யவும் இயன்ற நிலையில் இருக்கும் தந்தையிடம், 'மனம் உடைந்துவிடுவார்' என்று சொல்லி நோயை மறைக்கிறோம். நோய் முற்றி, உண்மையால் எப்பயனும் கொள்ள இயலாத நாளில், "வாப்பா செத்துப் பல வருஷமாச்சு" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறோம். இரண்டும் தலைகீழ். கொடுக்கல் வாங்கல், பிறர் வைத்த அமானத், நிலுவையான ஜகாத், நிறைவேறாத ஹஜ், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், தமக்கு எத்தகைய பராமரிப்பு வேண்டும் என்னும் விருப்பம் ஆகிய யாவற்றையும் தம் வாயால் சொல்லிவைக்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்நேரத்தில் உண்மையை மறைப்பது அவ்வுரிமையைப் பறிப்பதாகும். பயன்கொள்ள இயலும் காலத்தில் உண்மையைக் கனிவோடு சொல்ல வேண்டும்; பயன்கொள்ள இயலாத காலத்தில் கனிவையே முன்னிறுத்த வேண்டும்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு பெரிய வினா கிடக்கிறது. தம்மையே மறந்துவிட்ட ஒருவர் இன்னும் அவர்தாமா? ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர் 1694இல், தன்னுணர்வு கடந்தகாலத்தை எட்டிப் பிடிக்கும் அளவுக்கே ஒருவர் அதே ஆளாக நீடிக்கிறார் என்று வாதிட்டார். அதனை அப்படியே கொண்டால், மறந்தவர் பாதி போனவராகிவிடுவார். நம் உஸூல் நூலாசிரியர்கள் வேறு வழியில் சென்றனர். மதரஸாக்களில் ஓதப்படும் 'நூருல் அன்வார்' போன்ற நூல்கள் மனிதத் தகுதியை இரண்டாகப் பிரிக்கின்றன. செயலாற்றும் தகுதி அறிவைச் சார்ந்தது. அது வளரும், குறையும், நீங்கும். உரிமைகளைத் தாங்கும் தகுதியோ 'திம்மா' எனப்படும் பொறுப்புடைமையைச் சார்ந்தது. அது மனிதனாகப் பிறந்ததனாலேயே வாய்ப்பது. உறக்கமும் மறதியும் அறிவுத் தளர்ச்சியும் முன்னதைத் தடுக்கும், பின்னதை அழிக்கா. அறிவு நீங்கியவரிடமிருந்து தொழுகையின் கடமை உயர்த்தப்படுகிறது. ஆனால் அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடமையில் ஓர் அணுவும் உயர்த்தப்படவில்லை. நோன்பை மறந்து உண்டவருக்கு நோன்பு முறிவதில்லை, அவரை உண்பித்தவன் இறைவனே என்னும் நபிமொழியின் கருணையையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். ரமழான் பகலில் உணவு கேட்கும் மறதியாளரைக் கடிந்துகொள்வோர்க்கு அதில் படிப்பினை உண்டு.

கிட்வுட், மனிதர் என்னும் நிலை சூழ இருப்போர் உறவினால் வழங்குவது என்றார். அது அழகிய கருத்தே. ஆனால் சூழ இருப்போர் வழங்க மறுத்தால் என்னாகும்? திம்மா என்பது நாம் வழங்கியதன்று. ஆதலால் நம்மால் பறிக்கவும் இயலாது. நம்மால் இயல்வது அதனை மதிப்பதோ அவமதிப்பதோ மட்டுமே.

வெளிநாட்டிலிருந்து வரும் மகனும் விருந்தினரும் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று முதியவரைப் பரீட்சை வைப்பது அவமதிப்பின் சிறு வடிவம். விடை தெரியாமல் அவர் விழிப்பதைக் கண்டு சிரிப்பதும் அழுவதும் அவருக்கு ஒரே தண்டனைதான். "அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா, உங்க மகன் காதர் வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? பெயர் நினைவுக்கு வராவிட்டாலும், வந்தவர் தமக்கு உரியவர் என்னும் உணர்வு அவர் முகத்தில் தெரியும்.

பராமரிக்கும் கைகளையும் மறக்கலாகாது. பெற்றோரிடம் சலிப்பின் சிற்றொலியையும் திருமறை தடுத்திருக்கிறது. அக்கட்டளை பெற்ற மக்களை நோக்கியது. நம் வீடுகளிலோ சுமை முழுதும் மருமகள் தலையில் விழ, மக்கள் உபதேசத்தோடு நின்றுவிடுகின்றனர். மாமியாரைப் பேணுவது மருமகளின் பெருந்தன்மை, மகனின் கடமை. ஒரே வினாவை இருபது முறை கேட்பவளுக்கு இருபத்தொன்றாம் முறை குரல் உயர்ந்தால், பக்கத்து அறையில் இருப்பவர் அவளைக் கண்டிப்பதற்கு முன் அவள் இடத்தில் போய் அமரட்டும். வாரத்தில் ஒரு நாளேனும் சகோதரர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்பதும், ஜமாஅத்தார் இத்தகைய வீடுகளுக்குச் சென்று சிறிது நேரம் அமர்ந்து வருவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. பொறுமை மிஞ்சியிருக்கும் வீட்டில்தான் மெய்ச்சொல்லைத் தேட நேரம் இருக்கும்.

அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் தள்ளப்படும் தளர்ந்த முதுமையைத் திருமறை எடுத்துரைக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனின்றும் பாதுகாவல் தேடினார்கள். எனவே அது சோதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சோதனை மறந்தவருக்கு மட்டும் உரியதன்று. மறவாதிருக்கும் நமக்கும் உரியது. கூஃபா நகரத்தார் சொன்னது அவரிடம் மெய்யாகிவிட்டது. பஸ்ரா நகரத்தார் சொன்னது மெய்யாவது, அவர் அருகில் போய் அமரும் நம்மைப் பொறுத்தது. நம் முதியோரைக் கண்ணியத்தோடு பேணும் பொறுமையையும், அவர்களிடம் பேசத்தக்க நற்சொல்லையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.